எத்தனை படி என்று முதலில் கேளுங்கள்: உடல் ஊனத்தோடு வேலை தேடுவோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

2001-இல் சென்னையில் ஒரு தணிக்கை அலுவலகம். காலை பத்தரைக்கு நேர்முகத் தேர்வு, பத்துக்கே போய்விட்டேன். வாசலில் இருந்த காவலாளி காலைத் தாங்கும் என் காலிபரைப் பார்த்தார், ஊன்றுகோலைப் பார்த்தார், பிறகு லிஃப்டைப் பார்த்தார். "தம்பி, லிஃப்ட் ஓடவில்லை. மூன்றாவது மாடி." ஐம்பத்து நான்கு படிகள். ஏறி முடித்தபோது மணி பத்து ஐம்பது. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது, கை நடுங்கிக்கொண்டிருந்தது. உள்ளே இருந்தவர் கேட்ட முதல் கேள்வி தேய்மானக் கணக்கு பற்றியது. பதில் எனக்குத் தெரியும். மூச்சுத்தான் வரவில்லை.

முந்தின நாள் ஒரு போன் செய்து "எத்தனையாவது மாடி, லிஃப்ட் ஓடுகிறதா?" என்று கேட்டிருக்கலாம். கேட்கக் கூச்சம். கேட்டால் கூப்பிடாமலே விட்டுவிடுவார்களோ என்ற பயம் வேறு. அந்தக் கூச்சத்தை விட எனக்குப் பல வருடங்கள் பிடித்தன. அதற்குள் என் உடம்பைப் பற்றி அடுத்தவர் ஊகிப்பதற்கு முன் நானே வேலையோடு சேர்த்துச் சொல்லிவிட வேண்டும் என்பது மட்டும் பிடிபட்டது. கீழே வருபவை எல்லாம் அந்தப் பழக்கத்தைச் சுற்றியே இருக்கும். கால், கை, முதுகுத்தண்டு சம்பந்தப்பட்ட ஊனம் உள்ளவர்களை மனத்தில் வைத்து, தமிழ்நாட்டு நிலவரப்படி எழுதுகிறேன். ஊனம், மாற்றுத்திறன் இரண்டு சொற்களையும் புழங்குவேன். அரசு அலுவலகத்தில் பின்னதையும் என் வீட்டில் முன்னதையும் கேட்டு வளர்ந்தவன் நான்.

முதல் படி: அட்டையும் இனிஷியலும்

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகை ஊனங்களை அங்கீகரிக்கிறது. இட ஒதுக்கீடு போன்ற சலுகைகளுக்கு ஊனம் 40 சதவீதமாவது இருக்க வேண்டும். இதற்கான ஆவணம் தேசிய தனித்துவ அடையாள அட்டை. ஸ்வாவலம்பன் இணையதளத்தில் விண்ணப்பித்து, அரசு மருத்துவமனையில் மருத்துவர் பரிசோதித்துச் சதவீதம் குறித்த பிறகு வரும். 40-க்குக் கீழே வெள்ளை, 40 முதல் 80-க்குள் மஞ்சள், 80-உம் அதற்கு மேலும் நீலம். பரிசோதனை எந்தக் கிழமை, எந்த அறை என்பது ஊருக்கு ஊர் மாறும். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கிளம்பினால் ஒரு நாள் கூலி மிச்சம்.

பலரும் மாட்டிக்கொள்வது இனிஷியலில். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் 'சு. முருகேசன்', ஆதாரில் 'முருகேசன் சுப்பையா', அடையாள அட்டையில் 'முருகேசன்' என்று மூன்று பேராக இருப்போம். சான்றிதழ் சரிபார்ப்பு நாளில் இது பெரிய தலைவலி. வேலைக்கு விண்ணப்பிக்கும் முன்பே மூன்றையும் ஒன்றாக்கிவிடுங்கள். அட்டையில் 'தற்காலிகம்' என்று போட்டிருந்தால் காலாவதித் தேதியையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: உங்கள் உடம்புக்கு ஒரு பட்டியல்

ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போடுங்கள். இடப்பக்கம் முடிந்தவை, வலப்பக்கம் வேறு விதமாகச் செய்பவை. 'முடியாதவை' என்று தலைப்புப் போடாதீர்கள். அந்தப் பத்தியை நிரப்ப ஊரே வரும்.

அரசு இதை ஏற்கெனவே செய்து வைத்திருக்கிறது. மத்திய அரசு 2021 ஜனவரியில் வெளியிட்ட பட்டியலில், மாற்றுத்திறனாளிகளுக்கு உகந்தவை என 3,566 பணிகள் கண்டறியப்பட்டிருக்கின்றன. ஒவ்வொரு பணிக்கும் எதிரே சில எழுத்துகள் இருக்கும். எஸ் என்றால் உட்காருதல், எஸ்டி நிற்றல், டபிள்யூ நடத்தல், பிஎன் குனிதல், எல் தூக்குதல், பிபி இழுத்தல் தள்ளுதல், எம்எஃப் விரல்களால் கையாளுதல். அடுத்த பத்தியில் யாருக்கு அந்தப் பணி பொருந்தும் என்பது இருக்கும்: ஓஏ என்றால் ஒரு கை பாதிக்கப்பட்டவர், ஓஎல் ஒரு கால், பிஎல் இரு கால், ஓஏஎல் ஒரு கையும் ஒரு காலும். அறிவிக்கையில் இந்த எழுத்துகளைப் படிக்காமல் விண்ணப்பிப்பவர்கள் ஏராளம். தேர்வில் வெற்றி பெற்ற பிறகு 'உங்கள் வகை இந்தப் பணிக்கு இல்லை' என்று கடிதம் வரும்போதுதான் தேடுவார்கள்.

இந்த எழுத்துகளையே உங்கள் தாளுக்கும் பயன்படுத்துங்கள். என் தாளை உதாரணத்துக்குச் சொல்கிறேன். உட்காருவது: நாள் முழுதும் முடியும். நிற்பது: ஊன்றுகோலோடு இருபது நிமிடம். நடப்பது: சமதளத்தில் அரை கிலோமீட்டர், ஈரத் தரையில் மெதுவாக. படி: கைப்பிடி இருந்தால் ஒரு மாடி. தூக்குவது: ஒரு கையில் ஐந்து கிலோ, தோள்பையில் என்றால் எட்டு. எழுதுவது, தட்டச்சு: எந்தச் சிக்கலும் இல்லை. இப்படி எண்ணோடு எழுதிப் பார்த்தால் ஒரு விசித்திரம் நடக்கிறது. 'என்னால் அதிகம் முடியாது' என்று மனத்தில் கிடந்த மூட்டை, 'ஒரு மாடி, இருபது நிமிடம்' என்று கையில் அடங்கும் அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. நேர்முகத் தேர்வில் உங்கள் வாயிலிருந்து வர வேண்டியதும் இந்த எண்கள்தான்.

மூன்றாம் படி: எங்கே தேடுவது

அரசு வேலையில் சட்டப்படி 4 சதவீதம் நமக்கு. அதில் ஒரு சதவீதம் கை கால் ஊனம், மூளை முடக்குவாதம், தசைச்சிதைவு, உயரக் குறைபாடு, தொழுநோயிலிருந்து மீண்டவர்கள், அமில வீச்சால் பாதிக்கப்பட்டவர்கள் ஆகியோருக்கு. தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத் தேர்வுகளில் வயது வரம்பில் 10 ஆண்டு தளர்வும் கட்டண விலக்கும் உண்டு. ஒருமுறைப் பதிவிலும் விண்ணப்பத்திலும் ஊனத்தின் வகையைச் சரியாகக் குறிப்பிடுங்கள். பிறகு சேர்க்கச் சொல்லி அலைவது பெரும்பாலும் வீண். கையால் எழுத முடியாதவர்கள், சொல்லச் சொல்ல எழுதித்தரும் எழுத்தர் உதவியையும் கூடுதல் நேரத்தையும் விண்ணப்பத்திலேயே கோர வேண்டும். மத்திய அரசின் வழிகாட்டுதல்படி ஒரு மணி நேரத்துக்குக் குறைந்தது 20 நிமிடம் கூடுதல், அதாவது மூன்று மணி நேரத் தேர்வுக்கு முழுதாக ஒரு மணி நேரம். எழுத்தர் விதிகள் அவ்வப்போது மாறுவதால் அந்தந்த அறிவிக்கையைப் படியுங்கள்.

குரூப் 4 பணிகளுக்கு நேர்முகத் தேர்வே கிடையாது. மத்திய அரசிலும் 2016 ஜனவரி முதல் கீழ்நிலைப் பணிகளுக்கு அது நீக்கப்பட்டுவிட்டது. ஆளைப் பார்த்து எடைபோடும் மேசை இல்லாததே நமக்குப் பாதி வெற்றி என்பேன்.

வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவை மூன்றாண்டுக்கு ஒருமுறை புதுப்பியுங்கள். ஆனால் அந்த அட்டையை மட்டும் நம்பி வீட்டில் உட்காராதீர்கள். "அரசு வேலை வரும், அதுவரை பொறு" என்று சொல்லியே என் சித்தப்பா மகனுக்கு முப்பத்தைந்து வயது ஆக்கிவிட்டார்கள். தேர்வுக்குப் படித்துக்கொண்டே தனியார் வேலை பார்க்கலாம். அந்த அனுபவம் எங்கேயும் போகாது.

தனியார் துறையில் கட்டாய இட ஒதுக்கீடு இல்லை. ஆனால் சம வாய்ப்புக் கொள்கை என்று ஒன்றை நிறுவனங்கள் வெளியிட வேண்டும் என்கிறது சட்டத்தின் 21-ஆவது பிரிவு. இருபது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் என்றால் எந்தப் பணிகள் பொருந்தும், என்ன வசதிகள் உண்டு, யாரைத் தொடர்புகொள்வது என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். விண்ணப்பிக்கும் நிறுவனத்தின் இணையதளத்தில் தேடிப் பாருங்கள். இருந்தால் அந்தத் தொடர்பு அலுவலரின் பெயர் உங்களுக்குக் கிடைத்துவிட்டது. இல்லை என்றால் அதுவும் ஒரு தகவல்தான். சென்னை கிண்டியில் மத்திய அரசின் மாற்றுத்திறனாளிகளுக்கான தொழில்சேவை மையம் இருக்கிறது. எபிலிட்டி ஃபவுண்டேஷன், வித்யாசாகர், தென்காசிப் பக்கம் ஆய்க்குடி அமர் சேவா சங்கம் போன்ற அமைப்புகளிடமும் விசாரித்து வையுங்கள்.

நான்காம் படி: எப்போது சொல்வது

இதில் இரண்டு கட்சி உண்டு. பயோடேட்டாவின் முதல் வரியிலேயே எழுதிவிடு என்பார்கள் சிலர். நேரில் பார்க்கும் வரை மூச்சு விடாதே என்பார்கள் மற்றவர்கள். இரண்டையும் செய்து பார்த்தவன் நான். முதல் வகையில் அழைப்பே வராது. இரண்டாவது வகையில் அழைப்பு வரும், ஆனால் அறைக்குள் நுழைந்ததும் மூன்று முகங்களும் ஒரு நொடி உறையும். அந்த நொடியைக் கரைக்கவே அரை மணி நேரம் போய்விடும்.

நடுவழி இதுதான்: பயோடேட்டாவில் படிப்பு, அனுபவம், கணக்கு மென்பொருள் என்று வேலைக்கு வேண்டியவை மட்டும். நேர்முகத் தேர்வுக்குத் தேதி குறித்த பிறகு, ஒரு நாள் முன்பாக, மின்னஞ்சலிலோ போனிலோ சொல்லிவிடுவது. மாற்றுத்திறனாளிகளுக்கென்றே வந்த விளம்பரமாக இருந்தால் மட்டும் முதலிலேயே எழுதுங்கள்.

நான் அனுப்பும் கடிதம் ஏறக்குறைய இப்படி இருக்கும்:

"வணக்கம். வியாழன் காலை 11 மணி நேர்முகத் தேர்வுக்கு வருகிறேன். எனக்கு இடது காலில் இளம்பிள்ளைவாதம். காலிபரும் ஊன்றுகோலும் பயன்படுத்துகிறேன். அலுவலகம் எந்த மாடியில் இருக்கிறது, லிஃப்ட் இயங்குகிறதா என்று தெரிவித்தால் உதவியாக இருக்கும். லிஃப்ட் இல்லை என்றால் தரைத்தளத்தில் ஓர் அறையில் சந்திக்க முடியுமா? நன்றி."

நான்கைந்து வரிதான். மன்னிப்பு, சிரமத்துக்கு வருந்துகிறேன், தயவுகூர்ந்து போன்றவை வேண்டாம். சந்திப்பு ஏற்பாடு பற்றிய சாதாரணக் கடிதம் இது. இதற்குப் பதில் வரும் விதத்திலேயே அந்த அலுவலகத்தைப் பற்றிப் பாதி தெரிந்துவிடும். ஒருமுறை ஓர் அம்மையார் அரை மணியில் கூப்பிட்டு, "பின்வாசலில் சாய்தளம் இருக்கிறது, காரை அங்கேயே விடச் சொல்லிவிடுகிறேன்" என்றார். அங்கே எட்டு வருடம் வேலை செய்தேன்.

சக்கர நாற்காலியில் செல்பவர்கள் கூடுதலாக மூன்று கேளுங்கள்: வாசலில் படி உண்டா, லிஃப்ட் கதவு எவ்வளவு அகலம், நாற்காலி நுழையும் கழிப்பறை எந்தத் தளத்தில். 'ஒரே ஒரு படிதான் சார்' என்பார்கள். உங்களுக்கு அது சுவர். நாற்காலியின் அகலத்தை அங்குலத்தில் மனப்பாடமாக வைத்திருங்கள்.

ஐந்தாம் படி: அந்த நாள்

முதல் நாள் மாலை ஊன்றுகோலைத் தலைகீழாகப் பிடித்து நுனியைப் பாருங்கள். அடியில் இருக்கும் ரப்பர் புஷ் ஒரு பக்கம் தேய்ந்து வழவழவென்று இருந்தால் மாற்றிவிடுங்கள். புதிய அலுவலகங்களின் பளபளப்பான டைல்ஸில், அதுவும் ஐப்பசி மழையில் நனைந்த கோலோடு நுழைந்தால், தேய்ந்த புஷ் வழுக்கும். வரவேற்பறையில் ஒருமுறை நான் விழுந்திருக்கிறேன். தூக்கிவிட்டவர்தான் பிறகு எதிரே உட்கார்ந்து கேள்வி கேட்டார். அவர் கேட்ட கேள்விகள் எல்லாம் அனுதாபக் கேள்விகள்.

காலிபர் போடுபவர்கள் திருகாணிகளையும் முட்டிப் பூட்டையும் சரிபாருங்கள். பூட்டு இறுகியிருந்தால் ஒரு சொட்டு எண்ணெய். உட்காரும்போது 'டக்' என்று கேட்கும் சத்தத்தைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். ஒரு தடவைக்கு மேல் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

ஃபைலைக் கையில் எடுத்துப் போகாதீர்கள். கை கோலுக்கு வேண்டும். குறுக்காக மாட்டும் தோள்பைதான் சரி. அதில் மூலச் சான்றிதழ்கள், நகல்கள், அடையாள அட்டை, கைக்குட்டை, மாற்றுச் சட்டை. எதையும் தேடாமல் எடுக்கும்படி அடுக்குங்கள்.

தண்ணீர் விஷயம் ஒன்று. கழிப்பறை எப்படி இருக்குமோ என்று பயந்து காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் போகிறவர்கள் நம்மில் பலர், பெண்கள் இன்னும் அதிகம். வெயிலில் தொண்டை வறண்டு, குரல் கம்மி, தலைவலியோடு பதில் சொல்ல வேண்டியிருக்கும். வழியில் எந்த உணவகத்தில் வெஸ்டர்ன் கழிப்பறை இருக்கிறது என்று முன்பே பார்த்து வைத்துவிட்டுத் தண்ணீர் குடியுங்கள்.

வெளியூர்த் தேர்வு என்றால் ரயில்வே சலுகை அட்டை வாங்கி வையுங்கள். துணையின்றிப் பயணம் செய்ய இயலாத கை கால் ஊனமுற்றவருக்கும் கூட வருபவருக்கும் இரண்டாம் வகுப்பு, படுக்கை வசதி, மூன்றடுக்கு ஏசி பெட்டிகளில் 75 சதவீதக் கட்டணச் சலுகை உண்டு. கூட வரும் அப்பாவோ அண்ணனோ அலுவலக வாசலோடு நின்றுவிட வேண்டும். வரவேற்பறையில் உங்களுக்குப் பதிலாக அவர் பேசத் தொடங்கிவிட்டால், உள்ளே நீங்கள் எவ்வளவு பேசினாலும் எடுபடாது.

வரவேற்பறை சோபாவில் உட்காராதீர்கள். உள்ளே அமுங்கும் அந்தத் தாழ்வான சோபாவிலிருந்து காலிபரோடு எழுந்திருக்க முயலும்போதுதான் உங்கள் பெயரைக் கூப்பிடுவார்கள். கைப்பிடி வைத்த உயரமான நாற்காலி கேளுங்கள். அறைக்குள் கை குலுக்க அவசரம் வேண்டாம். "வணக்கம் சார், உட்கார்ந்துகொள்கிறேன்" என்று சொல்லி உட்கார்ந்து, கோலை நாற்காலியின் பக்கத்தில் தரையில் வைத்துவிட்டுப் பிறகு நிமிருங்கள். சுவரில் சாய்த்தால் கோல் சரியான நேரத்தில் சரிந்து விழும். அதற்கு அப்படி ஒரு ராசி.

ஆறாம் படி: கேட்கப்படும் கேள்விகளும் கேட்கப்படாத கேள்வியும்

"காலுக்கு என்ன ஆயிற்று?" முதலில் வருவது இது. இரண்டு வாக்கியத்துக்கு மேல் பதில் வேண்டாம். "இரண்டு வயதில் போலியோ வந்தது சார். காலிபரோடு நடக்கிறேன், ஸ்கூட்டர் ஓட்டுகிறேன்." அவ்வளவுதான். எந்த மருத்துவமனை, எத்தனை அறுவைச் சிகிச்சை, அம்மா எந்தக் கோயிலில் வேண்டிக்கொண்டார் என்று போனால் பத்து நிமிடம் உங்கள் கால் நேர்முகத் தேர்வு கொடுத்துவிட்டு வரும்.

"தினமும் எப்படி வருவீர்கள்?" இது அக்கறைக் கேள்வி போல இருந்தாலும் வருகைப் பதிவேட்டுக் கேள்வி. வழித்தடத்தோடு பதில் சொல்லுங்கள்: "தாம்பரத்திலிருந்து இணைப்புச் சக்கர ஸ்கூட்டரில் வருவேன், முப்பத்தைந்து நிமிடம். போன அலுவலகத்தில் மூன்று வருடத்தில் தாமதமாக வந்தது இரண்டு நாள்." பொய் எண் சொல்லாதீர்கள், பழைய அலுவலகத்தில் விசாரிப்பார்கள்.

"வேலை அதிகமாக இருக்கும், சமாளிப்பீர்களா?" என்பதற்கு 'சமாளிப்பேன் சார்' என்று மட்டும் சொன்னால் போதாது. எல்லோரும் அதைத்தான் சொல்வார்கள். "மார்ச் மாதக் கணக்கு முடிப்பில் இரவு ஒன்பது வரை இருந்திருக்கிறேன். உட்கார்ந்து செய்யும் வேலையில் எனக்கு நேர வரம்பு இல்லை. கிடங்கில் சரக்கு எண்ணும் நாளில் மட்டும் ஓர் ஆள் பெட்டி இறக்கிக் கொடுக்க வேண்டும், எண்ணுவதும் பதிவதும் நான்." இரண்டாம் படியில் எழுதிய தாள் இங்கே கைகொடுக்கும்.

பெண்களிடம் "கல்யாணம் ஆகிவிட்டதா, வீட்டில் யார் பார்த்துக்கொள்வார்கள்?" என்பதும் வரும். கோபம் வரத்தான் செய்யும். "என் வேலைகளை நானே செய்துகொள்கிறேன் சார். இந்தப் பணியில் என்னென்ன பொறுப்புகள் என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன்" என்று பேச்சை மேசைக்குக் கொண்டுவந்துவிடலாம். மூன்றாவது தடவையும் அங்கேயே சுற்றினால், அங்கே வேலை செய்யத்தான் வேண்டுமா என்று யோசியுங்கள்.

கேட்கப்படாத கேள்விதான் ஆபத்தானது. பண்பானவர்கள் எதையுமே கேட்க மாட்டார்கள். சிரித்த முகத்தோடு அனுப்பிவிட்டு, 'பாவம், மாடி ஏறி இறங்க முடியாது' என்று தாங்களே முடிவெடுத்துவிடுவார்கள். ஆகவே கடைசியில் "உங்களுக்கு ஏதாவது கேட்க வேண்டுமா?" என்று வரும்போது நீங்களே திறந்துவிடுங்கள்: "இந்த வேலையில் நடமாட்டம் எவ்வளவு இருக்கும் சார்? நான் எப்படிச் செய்வேன் என்று சொல்லிவிடுகிறேன்." எதிரே உட்கார்ந்திருப்பவரின் தோள் தளர்வதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அவருக்கும் கேட்கத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

வீடியோவில் தேர்வு நடந்தால் முகம் மட்டுமே தெரியும். படி இல்லை, சோபா இல்லை, சுகம். ஆனால் வேலை உறுதியாகும் தறுவாயில், நியமன ஆணைக்கு முன், சொல்லிவிடுங்கள். சேரும் நாளன்று வாசலில் வைத்துத் தெரியவந்தால் ஏமாற்றிவிட்டதாக நினைப்பார்கள்.

ஏழாம் படி: வேலை கிடைத்த பிறகு

மருத்துவத் தகுதிச் சான்றில் கவனம் தேவை. இரா சிங்கால் 2010 குடிமைப் பணித் தேர்வில் வெற்றி பெற்றும், தள்ளவும் இழுக்கவும் தூக்கவும் இயலாது என்று காரணம் காட்டிப் பணி மறுக்கப்பட்டது. மத்திய நிர்வாகத் தீர்ப்பாயத்துக்குப் போய் வென்று பணியில் சேர்ந்த அவர், 2014 தேர்வில் நாட்டிலேயே முதலிடம் பிடித்தார். உங்கள் மருத்துவ அறிக்கையில் 'இந்தப் பணிக்குத் தகுதியற்றவர்' என்று பொதுவாக எழுதியிருந்தால், எந்தச் செயல், எந்தப் பணிக்கு என்று எழுத்தில் கேளுங்கள்.

வேண்டிய வசதிகளைச் சேருவதற்கு முன் எழுத்தில் கேளுங்கள். சட்டம் இதை நியாயமான தகவமைப்பு என்கிறது: நிறுவனத்துக்குத் தாங்க முடியாத சுமையாக இல்லாத மாற்றங்கள். செலவைச் சேர்த்துச் சொன்னால் வேலை சீக்கிரம் நடக்கும். சாய்தளத்துக்கு ஓர் அங்குல உயரத்துக்குப் பன்னிரண்டு அங்குல நீளம் வேண்டும். ஆறு அங்குலப் படிக்கு ஆறடி. ஒரு கொத்தனாருக்கு ஒரு நாள் வேலை. கழிப்பறையில் ஒரு கைப்பிடிக் கம்பி, தரைத்தளத்தில் மேசை, வாசலுக்கு அருகே வண்டி நிறுத்த இடம். என் அனுபவத்தில் பெரும்பாலான பட்டியல்கள் இதோடு முடிந்துவிடும்.

சம்பளத்தில் 'நாங்கள் உங்களுக்கு வாய்ப்புத் தருகிறோம்' என்ற பேச்சு வந்தால், அதே வேலைக்கு அடுத்த மேசைக்காரர் என்ன வாங்குகிறார் என்று விசாரித்து அதையே கேளுங்கள். தொழிலாளர் அரசுக் காப்பீட்டுக்கான சம்பள வரம்பு மற்றவர்களுக்கு 21,000 ரூபாய், மாற்றுத்திறனாளிகளுக்கு 25,000. உங்கள் சம்பளம் இந்த இரண்டுக்கும் இடையில் இருந்தால் மனிதவளப் பிரிவுக்கு நீங்கள்தான் நினைவூட்ட வேண்டியிருக்கும்.

மறுத்துவிட்டால்

காரணம் கேட்டு மரியாதையாக ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். ஊனத்தைக் காரணமாக எழுத்தில் எழுதினால் அதைப் பத்திரப்படுத்துங்கள். அரசு நிறுவனம் என்றால் அங்கே குறைதீர் அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும்; முதலில் அவரிடம் போங்கள். அடுத்து மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையர். அவருக்கு ஆட்களை அழைத்து விசாரிக்கவும் ஆவணங்களைக் கேட்டுப் பெறவும் உரிமையியல் நீதிமன்ற அதிகாரம் உண்டு. சட்டத்தை மீறினால் முதல் முறை 10,000 ரூபாய் வரையும், மீண்டும் மீறினால் 50,000 முதல் 5 லட்சம் வரையும் அபராதம். அரசு வேலை என்றால் விடாதீர்கள், வழக்கு வரை போகலாம். தனியாரில் ஒரு புகார் எழுதிவிட்டு அடுத்த விண்ணப்பத்தைப் பார்ப்பதே மேல் என்பது என் எண்ணம். ஒத்துக்கொள்ளாதவர்களும் உண்டு, அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது.

அரசுப் பணியில் இருக்கும்போது விபத்தில் ஊனம் ஏற்பட்டவர்கள் விருப்ப ஓய்வுக் கடிதத்தில் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போட வேண்டாம். ஊனத்தைக் காரணம் காட்டி வேலையை விட்டு நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது என்று 20-ஆவது பிரிவு சொல்கிறது. அதே ஊதியத்தில் வேறு பணி தர வேண்டும்.

வேலையில் சேர்ந்த முதல் நாள் இரண்டைப் பார்த்துக்கொள்ளுங்கள். தீ எச்சரிக்கை மணி அடித்தால் லிஃப்ட் நிற்கும். அப்போது யார் உங்களோடு படியில் இறங்குவார் என்று பெயர் சொல்லிப் பேசி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து, மேசை இழுப்பறையில் இரண்டு ரப்பர் புஷ் போட்டு வையுங்கள். அளவு பார்த்து வாங்குங்கள், முக்கால் அங்குலக் கோலுக்கு ஒரு அங்குலப் புஷ் நிற்காது.